காட்டிக்கொடுத்தவளின் வேஷம்

அன்றைக்கு ஊசியக்காவின் மனதில் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. மகளின் வகுப்புப் பிள்ளைகள் வரட்டும், ஆலையைப் பார்க்கட்டும், தன்னைப் பார்க்காமலே பஸ் ஏறிப் போய்விடட்டும்.

அப்படி நடக்க வாய்ப்பும் இருந்தது. அந்தப் பழைய நூற்பாலையில் அவளுக்கு உடை அறையில்தான் வேலை. தைப்பது, ஒட்டுப் போடுவது, துவைத்து மடிப்பது, வருகிற பிள்ளைகளுக்கு உடை மாட்டிவிடுவது. பிள்ளைகள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள், இவள் பித்தானைப் போடுவாள். முகம் பார்த்துப் பேச வேண்டியதில்லை. அதனாலேயே அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. இடது சட்டைக் கையில் எந்நேரமும் ஐந்தாறு குண்டூசி குத்தியிருப்பதால் ஊசியக்கா என்று பெயர். "அக்கா யார் வம்புக்கும் போகமாட்டாங்க, ஆனா பக்கத்துல உரசிட்டு மட்டும் போயிடாதீங்க" என்று ஆலையில் கேலி பேசுவார்கள். அவள் சிரித்துவிட்டுத் தையலுக்குத் திரும்பிவிடுவாள்.

ஆலை ஓடி நின்று இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பாதிக் கட்டிடத்தை இடித்துவிட்டார்கள். மீதிப் பாதியில் செவ்வாயும் வியாழனும் பள்ளிப் பிள்ளைகளுக்கு வரலாறு நடக்கும். நடக்கும் என்றுதான் சொல்ல வேண்டும். யாரும் பாடம் எடுப்பதில்லை. உள்ளே வருகிற பிள்ளைக்குப் பழைய மாதிரியில் ஒரு அங்கி, ஒரு துணித் தொப்பி, கழுத்தில் மாட்டிக்கொள்ள எண் போட்ட ஒரு பித்தளை வில்லை. சங்கு ஊதியதும் அவர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். அடுத்த இரண்டு மணி நேரம் அவர்கள் நூறு வருஷத்துக்கு முன்னால் அதே கூடத்தில் வேலை பார்த்த பிள்ளைகள். டீச்சர் மாடியில் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும். எட்டிப் பார்க்கலாம், கூப்பிடக் கூடாது. யாருக்காவது தாங்க முடியவில்லை என்றால் தொப்பியைக் கழற்றினால் போதும், ஒருவர் வந்து கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போய்விடுவார். தொப்பி தலையில் இருக்கும் வரை, பெரியவர்கள் யாரும் வேஷத்தைக் கலைக்கக் கூடாது.

நடிப்பது ராஜா ராணி கதை அல்ல. அந்தக் காலத்தில் வேலை நேரம் முழுக்க ஆலைக் கதவைப் பூட்டி வைத்திருப்பார்கள். உள்ளே பஞ்சுத் தூசி, வெக்கை, இருமல். ஒருநாள் பிள்ளைகள் கூடிப் பேசி, மேஸ்திரியின் கண்ணாடி அறையில் தொங்கும் சாவியை எடுத்துவிட்டார்கள். அறுந்த நூலை முடிச்சுப் போடும் பெண் ஒருத்தி அதை மேஸ்திரியிடம் சொல்லிவிட்டாள். சாவி எடுத்த பிள்ளையை வெளியே துரத்தக் கதவைத் திறந்தபோது, மற்றப் பிள்ளைகளும் பின்னாலேயே எழுந்து நடந்துவிட்டார்கள். அதோடு கதவைப் பூட்டும் வழக்கம் நின்றது. பழைய மேஸ்திரி ஒருவரின் நாட்குறிப்பில் இவ்வளவும் ஒரே பக்கத்தில் அடங்கியிருந்தது. காட்டிக்கொடுத்தவளுக்கு அதில் அரை வரிதான். மூன்றாம் வரிசை முடிச்சுக்காரி சொன்னாள். ஏன் சொன்னாள் என்பது இல்லை.

ஊசியக்கா இதை உடை அறைத் திரையின் இடுக்கு வழியாக ஐம்பது தடவையாவது பார்த்திருப்பாள். பார்ப்பதுதான் அவளுடைய படிப்பு. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அம்மா படுத்த படுக்கையானாள், வீட்டுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு தெரிந்துகொண்டதெல்லாம் பார்த்துத் தெரிந்துகொண்டது. சித்தி மிஷினில் தைப்பதைப் பார்த்தே தையல் வந்தது. வாயைத் திறந்து கேட்பது மட்டும் வரவேயில்லை. கடையில் சாமான் பெயர் சொல்லக் கூச்சப்பட்டு விரலை நீட்டிக் காட்டுவாள். பெண் பார்க்க வந்த அன்று மாமியார், "பொண்ணுக்குப் பேச்சு வரும்ல?" என்று கேட்டதை வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்றால் கடைசி வரிசைதான், அதிலும் தூண் மறைக்கிற இடமாகப் பார்த்து உட்காருவாள். அதனால் அந்த வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் அவள் முகம் தெரியாது.

அப்படிப் பார்க்கிற கண்ணுக்குத்தான் மூன்று வாரத்துக்கு முன்னால் மகளின் யூனிஃபார்ம் முதுகு தட்டுப்பட்டது. துவைக்க எடுத்தபோது சாக்பீஸ் தடம். யாரோ எழுதியிருக்கிறார்கள், யாரோ அவசரமாகத் தட்டிவிட்டிருக்கிறார்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். 'கோள்மூட்டி.' அதற்கப்புறம் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. பாவாடையின் பின்பக்கம் மாடிப்படித் தூசி, தனியாகப் படியில் உட்கார்ந்திருக்கிறாள். சாப்பாட்டு டப்பாவில் பாதி மிச்சம். பேசிக்கொண்டே தெருவில் வந்த பிள்ளை இப்போது செருப்பைப் பார்த்துக்கொண்டு வந்தது. கேட்டால், "ஒண்ணுமில்லம்மா."

டீச்சர்தான் விஷயத்தைச் சொன்னார். பரீட்சைக் கேள்வித்தாளை யாரோ முன்கூட்டியே எடுத்துவிட்டார்கள். டீச்சர் வரிசையாக எல்லோரையும் நிறுத்திக் கேட்டார். மற்றப் பிள்ளைகள் தெரியாது என்று தலையை ஆட்டினார்கள். இவள் முறை வந்தபோது, "நெட்டைதான் எடுத்தா, நான் பார்த்தேன்" என்று சொல்லிவிட்டாள். நெட்டை என்பது வகுப்புத் தலைவியாக இருந்த உயரமான பெண். தலைவிப் பதவி போயிற்று, வகுப்பு மொத்தத்துக்கும் மறுபரீட்சை வந்தது. அன்றிலிருந்து ஒருவரும் இவளிடம் பேசுவதில்லை. "திட்டக்கூட மாட்டேங்கறாங்க, அதுதான் எனக்குக் கவலையா இருக்கு" என்றார் டீச்சர்.

அந்த வகுப்புதான் அன்றைக்கு வரப்போகிறது.

எட்டரை மணிக்குப் பொறுப்பாளர் உடை அறைக்குள் ஓடி வந்தார். இந்த நாடகத்தைக் கட்டி எழுப்பியவர் அவர்தான். சின்ன வயதுப் பெண், நடக்கும்போதும் ஓடுகிற மாதிரியே இருக்கும்.

"அக்கா, பல்லழகி வரமாட்டா. பஸ் படியில கால் பிசகிடுச்சாம்."

பல்லழகி, பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் பெண். வாரம் இரண்டு நாள் இங்கே வந்து முடிச்சுக்காரி வேஷம் போடுவாள்.

"நீங்கதான் போடணும்."

ஊசியக்கா ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்கு வராதுங்க மேடம்."

"ரெண்டே வரி வசனம். போன மாசம் அவ மறந்தப்ப திரைக்குப் பின்னாடியிருந்து எடுத்துக் குடுத்தது யாரு?"

"அது திரைக்குப் பின்னாடி."

மேஸ்திரி வேஷக்காரர் மீசையை ஒட்டிக்கொண்டே உள்ளே வந்தார். முன்பு பஸ் கண்டக்டராக இருந்தவர். அவர் குரல் பஸ்ஸுக்கு வெளியேயும் டிக்கெட் கொடுக்கும். "அவங்களை விடுங்க மேடம், பயந்து மயக்கம் போட்டா தூக்கறது யாரு, உடம்பெல்லாம் ஊசி! ஆரம்பத்துல பண்ணுன மாதிரி பண்ணிடலாம். முடிச்சுக்காரி யாருன்னு பிள்ளைங்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லிடுவோம்."

"அது நல்ல யோசனை. அவங்களே ஒருத்தியைக் கைகாட்டட்டும்" என்று பொறுப்பாளர் கிளம்பிவிட்டார்.

முப்பத்திரண்டு கைகளும் எந்தப் பக்கம் நீளும் என்று ஊசியக்காவுக்குத் தெரியாதா? சிரிப்புச் சத்தம்கூட இப்போதே காதில் கேட்டது. என் மகள் இந்த வகுப்பில் இருக்கிறாள், இப்படி ஒரு சங்கதி இருக்கிறது என்று அந்த இடத்தில் சொல்லியிருந்தால் பொறுப்பாளர் வேறு வழி பார்த்திருப்பார். ஆனால் அவ்வளவையும் கோத்துச் சொல்ல ஒரு நாக்கு வேண்டுமே.

"நானே போடறேன்" என்றாள்.

மேஸ்திரி சுற்றுமுற்றும் பார்த்தார். "யாரு பேசுனது?"

பல்லழகிக்கு அளவெடுத்துத் தைத்த உடை இவளுக்கு இடுப்பில் ஏறவில்லை. பக்கத் தையலைப் பிரித்து, குண்டூசிகளால் பிடித்து, மேலே ஒரு போர்வையைப் போட்டுக்கொண்டாள். பொறுப்பாளர் அவளைக் கண்ணாடி அறைக்குள் இழுத்துப்போய்த் தரையில் சாக்பீஸால் போட்டிருந்த பெருக்கல் குறியைக் காட்டினார். "மிஷின் சத்தத்துல நீங்க பேசறது வெளியே கேட்காது. அதனால இந்தக் குறி மேல நின்னு, கண்ணாடி வழியா கையை நீட்டிக் காட்டணும். பிள்ளைங்க உங்களைப் பார்க்கணும் அக்கா. பார்த்தாத்தான் கதை."

தலையை ஆட்டினாள். அதைத்தான் ஐம்பது தடவை பார்த்திருக்கிறாளே.

சங்கு ஊதியது. பிள்ளைகள் அங்கியும் தொப்பியுமாக வரிசையாக உள்ளே வந்தார்கள். கடைசியில், மூன்றடி இடைவெளி விட்டு, அவள் மகள். கழுத்தில் பதினொன்றாம் எண் வில்லை. மூன்றாம் வரிசை முக்காலியில் உட்கார்ந்திருந்த உருவத்தைப் பார்த்ததும் பிள்ளையின் கால் நின்றது. வாய் 'அம்' என்று குவிந்தது. பிறகு மூடிக்கொண்டது. எண் இருக்கிற பிள்ளைக்கு அம்மா கிடையாது என்று வாசலில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"என்ன வேடிக்கை? இது என்ன மாமியார் வீடா? உட்காரு!" மேஸ்திரி பிரம்பால் தகரப் பெட்டியில் ஒரு போடு போட்டார். சிரித்த பிள்ளைகள் சிரிப்பை விழுங்கினார்கள். சத்தத்துக்காகவே ஓடவிடும் பழைய மிஷின் ஒன்று கடகடவென்று கிளம்பியது. கதவு சாத்தப்பட்டது. பூட்டு விழுந்த சத்தத்தில் சிறுசுகள் இரண்டு ஒருவரையொருவர் ஒட்டிக்கொண்டன.

ஒரு மணி நேரம் கட்டைகளில் நூல் சுற்றினார்கள். தண்ணீர் குடிக்கக் கை தூக்கிக் காத்திருந்தார்கள். பேசினால் நிற்க வைத்தார் மேஸ்திரி. விளையாட்டாக வந்த பிள்ளைகளின் முகம் மெல்ல மாறியது. கன்னத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது, கண்ணில் நிஜமான எரிச்சல் இருந்தது. வரிசையில் எல்லோரும் இரண்டிரண்டாக உட்கார்ந்திருக்க, பதினொன்றுக்குப் பக்கத்து இடம் காலி. கூடத்தின் ஓரமாக, கண்ணாடி அறையைப் பார்த்தாற்போலத் தனியாக உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகள் சதி பேசுவதற்காக மேஸ்திரி பத்து நிமிஷம் வெளியே போவது வழக்கம். அவர் போனதும் தண்ணீர்த் தொட்டியருகே கூட்டம் கூடியது. முடிச்சுக்காரி இரண்டடி தள்ளி நூலை முடிந்துகொண்டிருந்தாள்.

"சாவியை நான் எடுக்கறேன்" என்றாள் நெட்டை. அவள் வில்லை இருபத்தி மூன்று. "அவரு வந்ததும் நான் மூணு தடவை தட்டுவேன். எல்லாரும் எந்திரிச்சுக் கதவுக்கு ஓடணும்."

"பதினொண்ணுகிட்ட யாரு சொல்றது?"

"அவகிட்டயா? வேற வினையே வேணாம். அவ போய் ஒப்பிச்சிடுவாடி."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பதினொன்று நிமிராமல் நூல் சுற்றியது. ஆனால் காது மடல் சிவந்ததை ஊசியக்கா பார்த்தாள். விரலில் நூல் அறுந்தது.

நெட்டை கண்ணாடி அறைக்குள் நழுவிச் சாவியை எடுத்து அங்கிக்குள் போட்டுக்கொண்டாள். மேஸ்திரி திரும்பி வந்தார், வெறும் ஆணியைப் பார்த்தார், கூடத்தையே அதிர வைத்து ஒரு கத்துக் கத்தினார். "முடிச்சுக்காரி! உள்ள வா!"

கூடத்தைக் கடந்து அந்த அறைக்குப் போக இருபது அடிதான். முப்பத்திரண்டு பிள்ளைகளின் கண்ணும் தன் முதுகில் இருப்பதாக அவளுக்குத் தோன்றியது. உண்மையில் பிள்ளைகள் தங்களுக்குள் கிசுகிசுத்துக்கொண்டு நெட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், முடிச்சுக்காரி போனதைக் கவனிக்கவில்லை. அறைக்குள் நுழைந்ததும் கால்கள் தாமாகவே ஒரு இடத்தைத் தேடிக்கொண்டன. குறி இருந்த இடத்தில் விளக்கு வெளிச்சம் கொட்டியது. அவள் அதைத் தாண்டி, அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே, நிழலில் போய் நின்றாள். போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"சாவி யாருகிட்ட?"

அவள் அலமாரியைப் பார்த்தாள்.

"யாருகிட்டன்னு கேட்டேன்." குரலைத் தணித்து, "குறி மேல வாக்கா" என்று முணுமுணுத்தார். அவளுக்கு அது கேட்கவில்லை. காதில் இரைச்சல்தான் இருந்தது.

மூன்றாம் தடவை கேட்டபோது அலமாரியிடம் சொல்வதுபோலச் சொன்னாள். "இருபத்தி மூணு."

கையை நீட்டவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்த பிள்ளைகளுக்கு மேஸ்திரியின் தலை மட்டுமே தெரிந்தது.

அவர் வெளியே பாய்ந்தார். "இருபத்தி மூணு! எடு சாவியை!" நெட்டை விழித்தாள். சாவி பறிபோயிற்று. தோளைப் பிடித்துக் கதவுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். கதவு திறந்தது, வெயில் கூடத்துக்குள் பட்டையாக விழுந்தது. இந்த இடத்தில்தான் பிள்ளைகள் எழுந்து அவள் பின்னால் நடக்க வேண்டும்.

யாரும் நடக்கவில்லை. ஒரு குரல் கிளம்பியது. "பதினொண்ணுதான்! அவதான் சொல்லியிருப்பா!"

"நான் அப்பவே சொன்னேன்ல!"

"பள்ளிக்கூடத்துலயும் கோளு, இங்க வந்தும் கோளு! நூறு வருஷத்துக்கு முன்னாடி போனாக்கூட இவ கோளுதாண்டி சொல்லுவா!"

சிரிப்பு எழுந்தது. அதில் சந்தோஷம் இல்லை. ஒருத்தி எழுந்தாள், நாலு பேர் எழுந்தார்கள், பிறகு எல்லோரும். கதவு திறந்து கிடந்தது, துரத்தப்பட்டவள் வாசலில் நின்றாள். அவளை விட்டுவிட்டுக் கூட்டம் மொத்தமும் ஓரத்து இடத்தைச் சுற்றி வளைத்தது. மேஸ்திரி பிரம்பால் தட்டினார். ஐம்பது தடவை பலித்த தட்டு இன்று யார் காதிலும் விழவில்லை. மாடியில் டீச்சர் எழுந்துவிட்டார். "பாருங்க மேடம், எவ்வளவு ஒன்றிப்போய்ச் செய்யறாங்க!" என்று பொறுப்பாளர் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

கண்ணாடிக்குள்ளிருந்து ஊசியக்கா மகளைப் பார்த்தாள். கூட்டத்தின் கைகளுக்கு நடுவே மகளும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நேராக, அலமாரிக்குப் பக்கத்து நிழலை. அந்த ஓரத்து இடத்திலிருந்து எல்லாம் தெரிந்திருக்கிறது. அம்மா உள்ளே போனது, நின்றது, வாய் அசைந்தது, எல்லாம். விரலை நீட்டி, 'அவங்கதான் சொன்னாங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் அத்தனை பேரும் திரும்பியிருப்பார்கள்.

சொல்லவில்லை. உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

தொப்பியைக் கழற்றும்மா, கழற்றிவிடு. ஊசியக்கா உள்ளுக்குள் கெஞ்சினாள். பிள்ளையின் கை மேலே போனது. தொப்பியை இன்னும் கீழே இழுத்து அழுத்திக்கொண்டது.

ஒருத்தி வில்லைக் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். கயிறு கழுத்தில் பதிந்தது.

ஊசியக்கா வெளியே வந்ததை அவளே அறியவில்லை. இடுப்பில் ஊசி ஒன்று அவிழ்ந்து குத்தியது. 'என் பிள்ளையை விடுங்கள்' என்று தொண்டை வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் என்ன ஆகும் என்பதும் கூடவே வந்தது. கோள்மூட்டி, போதாததற்கு அம்மாவையும் காவலுக்குக் கூட்டிவந்தவள். இந்தப் பிள்ளைகளிடம் தாய் பேசி ஒன்றும் ஆகாது. முடிச்சுக்காரிதான் பேச வேண்டும்.

"நான்தான்" என்றாள். மிஷின் சத்தம் அதை மென்று தின்றது. யாரும் திரும்பவில்லை.

மிஷினை நிறுத்தும் கம்பி வரிசைக் கோடியில் இருந்தது. அதைத் தொட ஃபிட்டருக்கு மட்டும்தான் அனுமதி. எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று அவள் பார்த்திருந்தாள். இரண்டு கையாலும் தள்ளினாள். பெல்ட் கிறீச்சிட்டது. கடகடப்பு தளர்ந்து, இழுத்து, நின்றுபோனது.

திடீரென்று கூடம் அவ்வளவு பெரியதாக இருந்தது. எல்லா முகமும் அவள் பக்கம் திரும்பியது.

"நான்தான் சொன்னேன்." தன் குரல் சுவரில் பட்டுத் திரும்பி வருவதை வாழ்க்கையில் முதன்முதலாகக் கேட்டாள். "மூணாம் வரிசை முடிச்சுக்காரி. நான்தான் சொன்னேன். அந்த அலமாரிக்குப் பின்னாடி நின்னு சொன்னேன், அதான் உங்களுக்குத் தெரியல."

வாசலிலிருந்து நெட்டை கேட்டாள். "நீங்களா? ஏன் சொன்னீங்க?"

பல்லழகியாக இருந்தால் இந்த இடத்தில் மண்டியிட்டு, பயத்தில் சொல்லிவிட்டேன் கண்ணுகளா என்று அழுவாள். பிள்ளைகளும் கொஞ்சம் இளகுவார்கள். ஊசியக்காவுக்கு அழுகை வரவில்லை.

"கேட்டாங்க. சொல்லிட்டேன்."

"கேட்டா சொல்லிடுவீங்களா?"

"மூணு தடவை கேட்டாங்க."

மாடியில் டீச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப பதினொண்ணு சொல்லலையா?" என்று கேட்டது வரிசையிலேயே சின்னப் பெண், முன்பல் விழுந்தவள்.

"அது வாயே திறக்கல."

முன்பல் விழுந்தவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், பதினொன்றின் இடத்தில் உட்கார்ந்து, கழுத்தை நீட்டிக் கண்ணாடி அறையைப் பார்த்தாள். "ஏய், இங்கேருந்து பார்த்தா அலமாரி தெரியுதுடி! இவ எல்லாத்தையும் பார்த்திருக்கா!"

நெட்டை வாசலை விட்டு உள்ளே வந்தாள். "பார்த்தியா நீ?"

மகள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"அப்ப சொல்ல வேண்டியதுதானே? எல்லாரும் உன்னைப் போட்டு இந்தப் பாடு படுத்தறோம்..."

"சொன்னா?" என்றாள் மகள்.

கயிற்றைப் பிடித்திருந்த கை எப்போதோ விட்டிருந்தது.

மேஸ்திரி அனுபவசாலி, விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டார். "என்ன சந்தைக்கடை? போறவ போ, மத்தவங்க உட்காரு! கதவைப் பூட்டப் போறேன்!" இரும்புக் கதவைப் பிடித்து மெதுவாகச் சாத்தத் தொடங்கினார். வெயில் பட்டை ஒடுங்கியது. முழம், சாண்.

"வாங்கடி" என்றாள் நெட்டை. இரண்டு எட்டு வைத்துத் திரும்பினாள். "பதினொண்ணு, நீயும்தான்."

பெஞ்சுகளை இடித்துக்கொண்டு கூட்டம் நகர்ந்தது. மேஸ்திரி பலம் தோற்றவர்போலக் கதவை விட்டார். பிள்ளைகள் வெளியே பாய்ந்தார்கள். முன்பல் விழுந்தவள் முடிச்சுக்காரியைப் பார்த்து, "இவங்களும் வரலாமா?" என்று கேட்டாள்.

"அவங்க இருக்கட்டும்" என்றாள் நெட்டை.

மகள் வாசலில் தயங்கினாள். திரும்பிப் பார்த்தாள். ஊசியக்காவுக்கு அந்த நாளிலேயே பெரிய பயம் அப்போதுதான் வந்தது. இந்தப் பிள்ளை எனக்காக நின்றுவிடுமோ? சட்டென்று முதுகைக் காட்டி முக்காலியில் உட்கார்ந்து, அறுந்த நூலை எடுத்து முடியத் தொடங்கினாள். முடிச்சு விழவில்லை. பின்னால் காலடிச் சத்தம் நின்றது. பிறகு ஓடியது.

திரும்பியபோது கூடத்தில் ஒரு பிள்ளையும் இல்லை.

மேஸ்திரி பொத்தென்று பெஞ்சில் உட்கார்ந்து மீசையைப் பிய்த்தார். "என் உசுரே போயிடுச்சுக்கா. குறி மேல நிக்கறதுக்கு என்ன கேடு?"

"தப்புதாங்க."

பொறுப்பாளர் ஓடி வந்தார். முதலில் மிஷினைத் தொட்டதற்குத் திட்டினார், பிறகு கட்டிப்பிடிக்க வந்து ஊசி குத்தி அலறினார். டீச்சர் வந்து காதோரம் ஏதோ சொன்னதும்தான் அவருக்கு விஷயம் விளங்கியது. "ஏன்க்கா ஒரு வார்த்தை சொல்லல?" என்றார். ஊசியக்கா உடை அறைப் பக்கம் நடந்தாள்.

உடை அறையில் பிள்ளைகள் முதுகைக் காட்டி வரிசையாக நின்றார்கள். சிலர் அவளை முறைத்தார்கள். "அந்தம்மா முகத்தைப் பாரு, அப்பாவி மாதிரி" என்று ஒருத்தி கேட்கும்படியே சொன்னாள். ஊசியக்கா பித்தானை அவிழ்த்தாள். கடைசியாக மகள் வந்தாள். மற்றவர்கள் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

"அவங்க எல்லாம் உன்னைத் திட்டறாங்கம்மா. நீ யாருன்னு தெரியாம." முதுகைத் திருப்பாமல் நேராக நின்றாள். "நான் சொல்லிடட்டுமா, எங்கம்மான்னு? நாளைக்கு வேற எப்படியாவது தெரிஞ்சா, அதையும் மறைச்சேன்னு சொல்வாங்க."

"நீ சொல்ல வேண்டாம்" என்றாள் ஊசியக்கா. "நான் வர்றேன்."

வேஷ உடையோடு, அவிழ்ந்த பக்கத்தைக் கையால் பிடித்துக்கொண்டு, மகளோடு வெயிலில் நடந்தாள். பஸ் ஜன்னல்களில் தலைகள் நீண்டன. மறைய ஒரு தூண்கூட இல்லாத வெட்டவெளி. படியருகே நெட்டை நின்றிருந்தாள்.

"நான் இவளோட அம்மா" என்றாள் ஊசியக்கா.

ஜன்னலில் முன்பல் விழுந்தவள், "ஐயோ!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். யாரோ, "அதான் சொல்லல! சொந்த அம்மாவை யாரு காட்டிக் குடுப்பா?" என்றார்கள். நெட்டையின் முகத்தில், சற்று முன் விட்டுக்கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற மாதிரி ஒரு இறுக்கம் வந்தது.

"அம்மாங்கறதாலதான் சொல்லலையா?"

"ஆமா" என்றாள் மகள்.

ஒரு பொய், ஒரே ஒரு சின்னப் பொய் சொன்னால் என்ன இந்தப் பிள்ளை என்று ஊசியக்காவுக்கு இருந்தது.

"அப்ப எங்களைப் பத்திக் கேட்டா மட்டும் சொல்லிடுவ."

"டீச்சர் என் மூஞ்சியைப் பார்த்துக் கேட்டா, சொல்லுவேன். நீ எடுத்ததை நான் பார்த்தேன். பார்க்கலைன்னு எனக்குச் சொல்ல வரல. எங்கிட்ட முன்னாடியே, ஏன்டி சொன்னேன்னு ஒரு தடவை கேட்டிருக்கலாம்ல நீ?"

"திமிரைப் பார்த்தியா இவளுக்கு!" நெட்டை பஸ்ஸுக்குள் இருந்தவர்களைப் பார்த்துச் சொன்னாள். "பண்றதையும் பண்ணிட்டு நான் வந்து கேட்கணுமாம்!"

"பின்ன, முதுகுல எழுதறது மட்டும்..."

"அது நான் எழுதல! அது யாருன்னு எனக்குத் தெரியும், ஆனா நான் எழுதல!"

"அப்ப யாரு? சொல்லு பார்ப்போம்!"

நெட்டையின் கண் பஸ் ஜன்னல் பக்கம் போய்த் திரும்பியது. பஸ்ஸுக்குள் யாரோ பக்கென்று சிரித்தார்கள். டிரைவர் ஹாரன் அடித்தார். "ஏறு முதல்ல" என்று நெட்டை படியில் வழிவிட்டாள். மகள் ஏறினாள், நெட்டை பின்னாலேயே ஏறினாள்.

கண்ணாடியில் வெயில் அடித்ததால் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று ஊசியக்காவுக்குத் தெரியவில்லை. பஸ் கேட்டைத் தாண்டித் திரும்பும் வரை இரண்டு குரல்கள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தன. ஒன்று நெட்டையுடையது, இன்னொன்று மகளுடையது. ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காமல், ஒரே மூச்சில், காரசாரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று வாரமாக அந்தப் பிள்ளையோடு சண்டை போடக்கூட ஆள் இல்லாமல் இருந்தது.